நீர்வண்ணத்தில் அம்மன்: நாமக்கல்லின் கோடும் கோவில்பட்டியின் நிறமும்

தமிழ்நாட்டில் அம்மன் உருவம் கல்லிலும் செம்பிலும் சுதையிலும் பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது. காகிதத்துக்கு அது வந்து சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். முந்நூறு ஆண்டுகளுக்கு அப்பால் அதன் தடம் தேய்ந்துவிடுகிறது. காகிதத்துக்கு அதைக் கொண்டுவந்தது நீர்வண்ணம், ஓவியர்கள் பேச்சில் வாட்டர் கலர். பொடித்த நிறத்தைப் பிசினில் குழைத்து, நீரில் கரைத்துத் தூரிகையால் தீட்டுவது அதன் அடிப்படை. மெல்லியதாகப் பூசினால் காகிதத்தின் வெண்மை உள்ளிருந்து ஒளிவிடும். வெள்ளை கலந்து கெட்டியாகப் பூசினால் அடியில் இருப்பதை மறைத்துத் தட்டையாக நிற்கும். மேலைநாட்டு ஓவியர்கள் முதலாவதையே அசலான நீர்வண்ணம் என்று கொண்டாடினார்கள். தமிழ்நாட்டு அம்மன் படங்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

காகிதம் வருவதற்கு முன்பு சுவர் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பனைமலையில் பல்லவன் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதியின் உருவம் சிதைந்தும் அழகு குறையாமல் எஞ்சியிருக்கிறது. முடியும் குடையும் சாய்ந்த இடையும் கொண்ட அந்த உருவம் தமிழ்நாட்டில் இன்று காணக்கிடைக்கும் மிகப் பழைய தேவி ஓவியங்களில் ஒன்று. அங்கும் நிறத்தைச் சுமந்தது நீர்தான். பிடித்து வைத்தது சுண்ணாம்பு. சுவர் ஓவியருக்குக் கோடுதான் முதல். உருவத்தைக் கோட்டில் முடித்துவிட்டே நிறத்துக்குப் போவார். இந்தப் பழக்கம் பின்னாளில் காகிதத்தில் எழுதியவர்களுக்கும் கைமாறியது.

காகிதத்தில் அம்மனை எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் பக்தர்கள் அல்லர், வெளிநாட்டார். வெனிஸ் நகரத்து நிக்கோலாவ் மனுச்சி தம் இறுதிக் காலத்தைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கழித்தவர். இந்துத் தெய்வங்களையும் சடங்குகளையும் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வரிசையை நூலாக எழுதி முடித்தார். சிவன், விஷ்ணு மரபுகளோடு எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, பத்திரகாளி என்று ஊர்த் தெய்வங்களுக்கும் அதில் தனி இடம் கொடுத்திருந்தார். எழுதியவருக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் இருந்த தெய்வத்தைக் கயிலாயத்துத் தெய்வத்தோடு ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்கும் துணிவு அந்தக் காலத்து உள்ளூர்ப் புலவர்களைவிட அவருக்கு எளிதாக இருந்தது. அந்த நூல் அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில்.

18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19இன் முற்பாதியிலும் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் இந்த வேலையின் மையங்கள் ஆயின. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச்செல்லத் தெய்வப் படங்களைத் தொகுதி தொகுதியாக வாங்கினார்கள். நீர்க்குறி பதிந்த ஐரோப்பியக் காகிதத்தில், கெட்டியான நீர்வண்ணத்தில் எழுதப்பட்ட அந்தப் படங்கள் இன்று லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் இருக்கின்றன. அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்: கீழே பச்சைத் திட்டாகத் தரை, மேலே நீலம், நடுவில் தேவி, அவளைச் சுற்றி வெறுமை. கோயிலும் இல்லை, கும்பிடுபவரும் இல்லை. வாங்குபவருக்கு வேண்டியது அடையாளம். எந்தக் கையில் என்ன ஆயுதம், எந்த வாகனம் என்பது தெரிந்தால் போதும். திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகட்டிலும் இப்படி எழுதி விற்றார்கள். தஞ்சாவூர்ப் பலகைப் படத்தின் பொன் தகடும் கண்ணாடிக் கல்லும் வீட்டுப் பூசைக்கு. இந்தக் காகிதப் படம் அதிகாரியின் பெட்டிக்கு. இரண்டையும் எழுதியவர்கள் பெரும்பாலும் தெலுங்கும் மராத்தியும் பேசிய ஒரே ஓவியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

நாமக்கல்லை உள்ளடக்கிய சேலம் வட்டாரம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில். அதே ஆண்டு ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய உறவினர் வில்லியமும் சேலத்துக்கு வடக்கே உள்ள பாரமகால் வழியாகத் தெற்கே பயணம் செய்து, மலைக்கோட்டைகளைத் தாளில் எடுத்துக்கொண்டார்கள். வீரபத்திரதுர்க்கம் முதலிய கோட்டைக் காட்சிகள் அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ அச்சுத் தொகுதிகளில் உள்ளன. ஆங்கிலேய நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சு சேலம் சமவெளிக்கு அறிமுகமானது இப்படித்தான், மலையாகவும் கோட்டையாகவும் வானமாகவும். கோட்டைக்குள்ளிருந்த அம்மன் அவர்கள் கண்ணில் படவில்லை, பட்டிருந்தாலும் அவர்கள் தேடி வந்தது அதை அல்ல.

அடுத்த பெரிய திருப்பம் திருவிதாங்கூரில். ராஜா ரவி வர்மா 1862இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது முதலில் பயின்றது நீர்வண்ணமே. அங்கிருந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு மதுரை மரபில் வந்தவர். பிறகே ரவி வர்மா எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரசுவதியையும் நாடெங்கும் கொண்டுசேர்த்தது. அவருடைய தேவிக்கு எடை உண்டு, நிழல் உண்டு, கட்டியிருக்கும் புடவைக்கு மடிப்பு உண்டு. தாமரைக் குளத்தில் நிற்கும் லட்சுமியைப் பார்த்தவர் முதலில் காண்பது ஒரு பெண்ணை; நான்கு கைகள் பிறகுதான் நினைவுக்கு வரும். அந்த அச்சுப் படங்கள் வந்த பின், அம்மனை எழுத உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுக்கவேண்டியதாயிற்று: எழுதப்போவது பெண்ணையா, விக்கிரகத்தையா?

வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூர் மூன்றாவது வழியைக் கண்டார். 1903இல் கல்கத்தாவுக்கு வந்த ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ ஆகியோரிடமிருந்து வாஷ் முறையை எடுத்துக்கொண்டார். வண்ணம் பூசி, காய்ந்ததும் தாளையே நீரில் நனைத்து, மேலே மீண்டும் பூசும் முறை அது. நிறம் தாளுக்குள் ஊறி, ஓரங்கள் கரைந்து, பனிமூட்டம்போல் நிற்கும். 1905இல் அம்முறையில் அவர் எழுதிய பாரத மாதாவுக்குக் காவி உடை, நான்கு கைகள். கைகளில் ஆயுதம் இல்லை; ஏடு, நெற்கதிர், வெண்துணி, ஜபமாலை. கோயிலில் இல்லாத ஒரு தெய்வத்தை நீர்வண்ணமே பிறப்பித்தது என்று சொல்லலாம். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அந்த எழும்பூர்ப் பள்ளி அதுவரை கைத்தொழில் பயிற்சிக்கே பேர்பெற்றிருந்தது. வாஷ் முறை தமிழ்நாட்டில் வேரூன்றியது ராய் சௌத்ரி காலத்தில்.

நாமக்கல்லிலிருந்து ஒரு மாணவர் அந்தப் பள்ளிக்குப் போனார். பெயர் பி. எம். சீனிவாசன், பிறப்பு 1919. போகச் சொன்னவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. உப்பு சத்தியாக்கிரகப் பாட்டால் தேசம் அறிந்த கவிஞர் அடிப்படையில் ஓவியர். நெடுங்காலம் படம் எழுதியே வாழ்ந்தவர். மோகனூரில் 1888இல் பிறந்த அவர் தாம் பெறாத முறையான பயிற்சியை அடுத்த தலைமுறைப் பையன் பெறட்டும் என்று எண்ணியிருக்கக்கூடும். பையனின் கண்ணைப் பழக்கியது எது என்பதை ஊகிக்க அதிகம் வேண்டாம். நாமக்கல் ஊரே ஒற்றைப் பாறையைச் சுற்றி எழுந்தது. பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, மறுபக்கம் அரங்கநாதர் குடைவரை. இரண்டும் எட்டாம் நூற்றாண்டின் அதியர் மரபினர் காலத்தவை. நரசிம்மர் கோயிலின் நாமகிரித் தாயார் கணிதமேதை இராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம். எதிரே கூரையில்லாமல் வெட்டவெளியில் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். உளிபட்ட கல் வெயிலில் எப்படி மாறும், விளக்கொளியில் எப்படி மாறும் என்பதை அந்த ஊரில் வளரும் பிள்ளை படிக்காமலே தெரிந்துகொள்ளும்.

பள்ளியை முடித்த சீனிவாசன் ஆனந்த விகடனில் சேர்ந்தார். அங்கே ஓவியர் மாலி இட்ட பெயர் ‘சில்பி’. 1940களின் கடைசியில் விகடனில் தொடங்கிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வந்தது. எழுத்தாளர் தேவன் குறிப்பு எழுத, சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை நேரில் பார்த்து எழுதினார். சிலைக்கு முன் உட்கார்ந்து, கல்லின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் பேனாக் கோட்டின் நெருக்கத்தால் காட்டுவது அவர் முறை. மூக்கு உடைந்த தேவிக்கு அவர் மூக்கு வைக்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த கன்னமும் அப்படியே வரும்.

ரவி வர்மா வைத்த கேள்விக்குச் சில்பி தந்த விடை இதுதான்: எழுதவேண்டியது பெண்ணையல்ல, விக்கிரகத்தை. அதற்காக அவர் உயிரைக் கைவிடவும் இல்லை. படம் பிடிக்க அனுமதியில்லாத கருவறைகளில் இருக்கும் மூலமூர்த்தங்களை அவர் வண்ணத்தில் எழுதியபோது, கல்லின் கருமை, அதன்மேல் பட்டின் சிவப்பு, பூமாலையின் ஈரம், ஒற்றை விளக்கின் மஞ்சள் என நான்கும் தனித்தனிப் பொருளாக நின்றன. நாட்காட்டி லட்சுமியின் முகம் எந்த ஊருக்கும் பொது. சில்பியின் தேவியை அந்தக் கோயிலுக்குப் போனவர் உடனே இனங்கண்டுகொள்வார். பக்தர்கள் அவற்றைச் சட்டமிட்டு மாட்டியதற்குக் கலைநயத்தைவிட இதுவே பெரிய காரணமாக இருந்திருக்கும்.

வாரந்தோறும் கோட்டிலும், எப்போதாவது வண்ணத்திலும் அவர் எழுதியதற்கு அச்சகமும் ஒரு காரணம். கோட்டுச் சித்திரத்தை ‘லைன் பிளாக்’ செய்தால் மலிவான செய்தித்தாள் காகிதத்திலும் ஒவ்வொரு கோடும் உயிரோடு விழும். நீர்வண்ணத்தின் மெல்லிய ஏற்றத்தாழ்வுக்கு ‘ஆஃப்டோன் பிளாக்’ வேண்டும். படத்தைப் புள்ளிகளாக உடைத்து, நிறத்துக்கொரு பிளாக் செய்து, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஒன்றன்மேல் ஒன்று விலகாமல் அடிக்க வேண்டும். செலவு அதிகம். அதனால்தான் தமிழ் வாசகரின் நினைவில் வண்ண அம்மன் தீபாவளி மலரோடு ஒட்டிக்கொண்டாள். விகடனும் கல்கியும் ஆண்டுக்கொருமுறை முழுப்பக்க வண்ணப்படம் கொடுக்க, அது மலரிலிருந்து பிரிக்கப்பட்டுப் பூசையறைச் சுவருக்குப் போயிற்று. சில்பி பின்னர் மற்ற இதழ்களிலும் எழுதி 1983இல் மறைந்தார். கோயில் சித்திரத்தில் அவருடைய சீடராக அறியப்படுபவர் பத்மவாசன்.

சில்பி பிறந்த அதே 1919இல் பிறந்து அதே எழும்பூர்ப் பள்ளியில் படித்த எஸ். ராஜம் முற்றிலும் வேறு பாதையில் போனார். வீணை எஸ். பாலச்சந்தரின் அண்ணனான அவர் சங்கீத வித்துவான், 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமர், சென்னை வானொலி நிலையத்தின் இசைப் பிரிவில் அலுவலர். ஓவியத்தில் அவர் குரு அஜந்தா. சித்தன்னவாசலும் இலங்கையின் சிகிரியாவும் துணை. தாளில் வண்ணம் தீட்டி, நீரில் கழுவி, மீண்டும் தீட்டும் வாஷ் முறையை 2010இல் மறையும்வரை விடவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகள் போன்றவற்றை அவர் ஓவியமாக்கினார். சாகித்தியத்தில் தெய்வத்துக்குச் சொல்லியிருக்கும் நிறமும் ஆயுதமும் வாகனமுமே அவருக்கு இலக்கணம். நீண்ட விழிகளும் வளைந்த விரல்களும் கொண்ட அவர் தேவியரில் தசை இல்லை, நிழல் இல்லை, கல்லும் இல்லை. ரவி வர்மாவின் பாணி பிடிக்காதென்று வெளிப்படையாகச் சொல்லத் தயங்காதவர்களின் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஆனால் அவர் படங்கள் சங்கீத ரசிகர்களின் வட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. பூசையறைக்கு வேண்டியது நேரே பார்க்கும் கண். ராஜத்தின் தேவியர் பலர் பக்கவாட்டில் பார்ப்பவர்கள்.

நேரே பார்க்கும் கண்ணைத் தந்தவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கி, நாடகக் கம்பெனியில் திரைச்சீலை எழுதப் போனவர். கம்பெனி கலைந்ததும் 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய சீடர்களோடு அவர் நடத்திய பட்டறைக்கு வேலை கொடுத்தது பக்கத்துச் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பிறகு, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகத்துக்கு நாட்காட்டி வந்தது. கொண்டையராஜுவின் அம்மன் நாடக மேடையின் நடுவில் நிற்பவள்போலவே இருப்பாள். பின்னால் திரைச்சீலை மலை, திரைச்சீலை வானம், உடலில் இளஞ்சிவப்பு, பார்க்கும் கண் பார்ப்பவரின் கண்ணில். நீரில் குழையும் கெட்டி வண்ணத்தை அவர் கையாண்ட வகையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் படங்களின் தட்டைத்தன்மையும் ரவி வர்மாவின் உடல்வாகும் ஒன்றாயின. அவர் 1976இல் மறைந்தார். அவர் வகுத்த முகம் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சேலத்தில் அந்த முகத்துக்கு ஒரு சோதனை காத்திருந்தது. சேலம் சமவெளியின் தெய்வம் லட்சுமியல்ல, மாரியம்மன். கோட்டை மாரியம்மனைத் தலைமையாகக் கொண்டு அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி என்று பேட்டைக்குப் பேட்டை அவள் கோயில் கொண்டிருக்கிறாள். ஆடி மாதம் நகரமே அவளுடையது. ஒரு கால் மடித்து ஒரு கால் தொங்கவிட்டு அமர்ந்த கோலம், தலைக்குப் பின் தீச்சுடர், நாகக் குடை, கைகளில் சூலமும் உடுக்கையும் வாளும் கபாலமும் என்பது அவளுடைய பொதுவான இலக்கணம். அம்மை நோயின் வெப்பத்தைத் தருபவளும் தணிப்பவளும் அவளே. கொண்டையராஜு மரபின் இளஞ்சிவப்பு முகத்தில் இந்த உக்கிரத்தைக் கொண்டுவருவது எளிதல்ல. நாட்காட்டி ஓவியர்கள் புன்னகையை வைத்துக்கொண்டு, உக்கிரத்தை ஆயுதங்களுக்கும் தீச்சுடருக்கும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். நெற்றியில் மஞ்சளும் பெரிய குங்குமப் பொட்டும், கழுத்தில் எலுமிச்சை மாலையும் சேர்ந்தன. அரிசி மண்டியும் வெள்ளிக் கடையும் வாடிக்கையாளருக்கு ஆண்டுதோறும் கொடுத்த காலண்டரில் இப்படித்தான் மாரியம்மன் சாந்தமானாள்.

படம் கோயிலைப் பார்த்து எழுதப்பட்டது போக, திருவிழா படத்தைப் பார்த்து அலங்கரிக்கப்படுவதும் இந்த ஊரில் உண்டு. சேலத்து ஆடித் திருவிழாவின் தனிச்சிறப்பு வண்டி வேடிக்கை. அலங்கரித்த வண்டிகளில் மனிதர்களே தெய்வ வேடமிட்டு ஊர்வலமாக வருவார்கள். அங்கே அம்மன் வேடம் போடுபவரின் முகப்பூச்சும் கிரீடமும் பின்னிருக்கும் தட்டியின் வானமும் சிற்பத்தைவிட நாட்காட்டிக்கும் சினிமாவுக்குமே நெருக்கமானவை. டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1930களிலிருந்து ஏற்காடு சாலையில் இயங்கிய ஊர் இது. புராணப் படங்களின் செட்டும் பேனரும் சேலத்துக்காரர் கண்ணுக்குப் பழக்கமானவை.

சேலம் உடையாப்பட்டி கந்தாசிரமத்தில் பதினெட்டுக் கைகளோடு நிற்கும் அஷ்டாதசபுஜ மகாலட்சுமி துர்க்கையின் உருவம் ஓவியருக்கு வேறு வகையான சிக்கல். தேவி மாகாத்மியம் சொல்லும் ஆயுத வரிசையைப் பதினெட்டுக் கைகளுக்கும் பங்கிட வேண்டும். தோள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும். சிற்பி ஆழத்தில் அடுக்கித் தப்பித்துக்கொள்வார். நீர்வண்ண ஓவியருக்கு அந்த வசதி இல்லாததால் கைகளை விசிறிபோல் விரித்து, முன்கைகளைக் கெட்டியாகவும் பின்கைகளை மெலிதாகவும் பூசுவார். மெல்லிய பூச்சில் ஒருமுறை கறைபட்ட இடத்தை மீண்டும் காகித வெண்மைக்குக் கொண்டுவர முடியாது என்பதால் ஆயுதங்களின் பளபளப்பைத் தொடக்கத்திலேயே காகித வெள்ளையாக விட்டுவைக்க வேண்டும்.

நகரின் வடக்கே ஏற்காடு மலையைப் பார்த்திருக்கும் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புகளின் வீடுகளில் இந்த மரபுகள் அத்தனையும் கலந்தே தொங்குகின்றன: பொன் தகடு ஒட்டிய தஞ்சாவூர்ப் படம், சட்டமிட்ட நாட்காட்டி, தீபாவளி மலரிலிருந்து வெட்டியெடுத்த தாள், இப்போது கணினியில் வரைந்து ஃப்ளெக்ஸில் அச்சிட்ட அம்மன். கையால் எழுதிய அசல் நீர்வண்ணம் மட்டும் அரிது. அதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. இதழ்களும் அச்சகங்களும் பிளாக் எடுத்தபின் அசலைப் பெரிதாக மதிக்கவில்லை. பல தாள்கள் அலுவலகங்களிலேயே வீணாயின. எஞ்சியவற்றுக்கு வெளிச்சம் பகை. செங்காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் நூற்றாண்டுகள் தாங்கும். அரக்கிலிருந்தும் இந்திரகோபப் பூச்சியிலிருந்தும் எடுத்த சிவப்புகள் வெயிலில் வெளுக்கும். அம்மன் படத்தில் அதிகம் செலவாகும் நிறமே சிவப்பு. ஊதுபத்திப் புகையும் கற்பூரக் கரியும் பூசையறை ஈரமும் தாளைப் பழுப்பாக்கும். லண்டன் அருங்காட்சியகங்களில் இருட்டறைப் பெட்டிக்குள் கிடந்த கம்பெனிக் காலத்துத் தாள்கள் நிறம் மங்காமல் இருப்பதற்கும், அவற்றைவிட நூறாண்டு இளைய நாட்டுப் படங்கள் சாயமிழந்து கிடப்பதற்கும் இதுவே விளக்கம். சில்பியின் கோட்டுச் சித்திரங்கள் இந்த ஆபத்திலிருந்து ஓரளவு தப்பின. கருப்பு மை வெளுப்பதில்லை. அச்சிட்ட பக்கத்திலிருந்தே மீண்டும் அச்சிடலாம். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பிற்காலத்தில் இரண்டு தொகுதிகளாக விகடன் வெளியீடாக வந்தது.